14 மெகா ஹெர்ட்ஸ் இப்போது திறந்திருக்கிறதா? வீட்டுக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம்

"கையில் செல்போன் இருக்கிறது. வீட்டில் பிராட்பேண்ட் இருக்கிறது. இதற்குப் பிறகும் ஹாம் ரேடியோ எதற்கு?" என்னோடு வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நியாயமான கேள்விதான். நான் அவர்களுக்குப் பதிலாக ஒரு தேதியைச் சொல்வது வழக்கம்: 2004 டிசம்பர் 26.

அன்று காலை சுனாமி தாக்கியபோது அந்தமானுக்கும் நம் நிலப்பகுதிக்கும் இடையே கடலடி ஆப்டிகல் ஃபைபர் கேபிள் கிடையாது. சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோ மீட்டர் நீளக் கேபிள் அங்கே போனது 2020 ஆகஸ்டில்தான். சுனாமிக்குப் பிறகு தீவுகளில் தொலைபேசித் தொடர்புகள் துண்டிக்கப்பட்டன. ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத்தும் அவருடைய குழுவினரும் அந்த மாதத் தொடக்கத்திலிருந்தே போர்ட் பிளேரில் இருந்தார்கள். இன்று அந்த ஊருக்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அவர்கள் போனது பொழுதுபோக்குக்காக. அபூர்வமான ஒரு தீவிலிருந்து உலக ஹாம்களுடன் பேசுவது என்பது இந்தப் பொழுதுபோக்கில் பெரிய விஷயம். சுனாமி வந்ததும் பொழுதுபோக்கை நிறுத்திவிட்டு, அதே ஷார்ட்வேவ் கருவியால் தீவில் இருந்தவர்களைப் பற்றிய செய்திகளை நிலப்பகுதிக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. கருவி இருந்தால் மட்டும் போதாது. எந்த நேரத்தில், எந்த அலைவரிசையில் அழைத்தால், எந்த ஊருக்குக் கேட்கும் என்பது தெரிந்திருக்க வேண்டும். தவறான பேண்டில் எத்தனை மணி நேரம் கத்தினாலும் பதில் வராது. ஹாம்கள் இதைப் 'பேண்ட் கண்டிஷன்' என்பார்கள். பத்து வருட அனுபவம் உள்ள ஒருவர் காதால் தெரிந்துகொள்வதை இன்று ஒரு சாதாரண கம்ப்யூட்டரும் இன்டர்நெட் இணைப்பும் கண்ணால் காட்டிவிடும். எப்படி என்று பார்ப்போம்.

ஏன் 14 மெகா ஹெர்ட்ஸ்?

ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட ஷார்ட்வேவ் பேண்டுகள் பல. அவற்றில் உலகம் முழுவதும் அதிகம் பயன்படுவது 14.000 முதல் 14.350 மெகா ஹெர்ட்ஸ் வரை உள்ள பேண்ட். 300 ஐ மெகா ஹெர்ட்ஸால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 300 ஐ 14 ஆல் வகுத்தால் 21 சொச்சம் வரும். வழக்கத்தில் இதை 20 மீட்டர் பேண்ட் என்று சொல்கிறோம்.

இதன் மொத்த அகலம் 350 கிலோ ஹெர்ட்ஸ்தான். இரண்டு எஃப்.எம். நிலையங்களுக்கு வேண்டிய இடம்கூட இல்லை. இந்தச் சின்ன இடத்தை உலக ஹாம்கள் எல்லோரும் பகிர்ந்துகொள்கிறார்கள். கீழ்ப்பகுதியில் மோர்ஸ், நடுவில் கம்ப்யூட்டர் வழி டிஜிட்டல் சிக்னல்கள், மேல்பகுதியில் பேச்சு. பலர் பயன்படுத்தும் சக்தி 100 வாட்ஸ். ஒரு பழைய குண்டு பல்புக்கு ஆகும் மின்சாரம். அதை வைத்துக்கொண்டு ஐரோப்பாவுடன் பேசுவது எப்படிச் சாத்தியம்?

வானத்தில் ஒரு கண்ணாடி

பூமிக்கு மேலே சுமார் 60 கிலோ மீட்டரிலிருந்து பல நூறு கிலோ மீட்டர் வரை, சூரியனின் புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்தெடுக்கின்றன. இந்தப் பகுதியை அயனி மண்டலம் என்கிறோம். இதில் பல அடுக்குகள் உண்டு. நமக்கு முக்கியமானவை இரண்டு.

முதலாவது டி அடுக்கு. 60 முதல் 90 கிலோ மீட்டர் உயரத்தில் பகலில் மட்டும் இருக்கும். இது அலைகளைத் திருப்பி அனுப்பாது, உறிஞ்சிவிடும். அதிர்வெண் குறையக் குறைய உறிஞ்சுவது அதிகமாகும். இலங்கை வானொலியை மீடியம் வேவில் கேட்டு வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தூரத்து நிலையங்கள் பகலில் காணாமல் போய், இருட்டியதும் தெளிவாக வரும் என்பார்கள். காரணம் இந்த டி அடுக்கு சூரியன் மறைந்ததும் கரைந்துவிடுவதுதான்.

இரண்டாவது எஃப்2 அடுக்கு. சுமார் 250 முதல் 400 கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவிலும் ஓரளவு நிலைத்திருக்கும். நம் 14 மெகா ஹெர்ட்ஸ் சிக்னலை வளைத்துப் பூமிக்குத் திருப்பி அனுப்பும் கண்ணாடி இதுதான். ஒரே தாவலில் அதிகபட்சம் 4,000 கிலோ மீட்டர் வரை போகலாம். கீழே இறங்கிய அலை கடலிலோ தரையிலோ பட்டு மீண்டும் எழும்பி, அடுத்த தாவலுக்குப் போகும். இப்படித்தான் அமெரிக்கா வரை போகிறது.

ஒரு சின்னக் கணக்கு

ஒரு அலையை நேர் மேலே செங்குத்தாக அனுப்பினால் எந்த அதிர்வெண் வரை திரும்பி வரும்? அந்த எல்லையைக் கிரிட்டிகல் ஃப்ரீக்வென்சி என்கிறார்கள். அதற்கு மேல் போனால் அலை கண்ணாடியைத் துளைத்துக்கொண்டு விண்வெளிக்குப் போய்விடும். ஆனால் சாய்வாக அனுப்பினால் இன்னும் உயர்ந்த அதிர்வெண்ணும் திரும்பும். தட்டையான கல்லைக் குளத்தில் சாய்த்து எறிந்தால் தத்தித் தத்திப் போகிறது, நேராகப் போட்டால் மூழ்குகிறது அல்லவா, ஏறக்குறைய அதுபோல.

கண்ணாடி 300 கிலோ மீட்டர் உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து போர்ட் பிளேர் சுமார் 1,370 கிலோ மீட்டர். இந்தத் தூரத்துக்கு உள்ள சாய்வைக் கணக்கிட்டால் கிரிட்டிகல் ஃப்ரீக்வென்சியை 2.25 ஆல் பெருக்க வேண்டும். இனி மூன்று நிலைமைகளைப் பாருங்கள்.

1. பகல் நேரம், கிரிட்டிகல் ஃப்ரீக்வென்சி 8 மெகா ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். 8 x 2.25 = 18. அந்த நேரத்தில் இந்தப் பாதைக்கு உச்சவரம்பு 18 மெகா ஹெர்ட்ஸ். 14 தாராளமாகப் போகும்.

2. விடியலுக்கு முன், கிரிட்டிகல் ஃப்ரீக்வென்சி 4 ஆக இறங்கிவிட்டது. 4 x 2.25 = 9. இப்போது 14 மெகா ஹெர்ட்ஸ் போர்ட் பிளேரில் இறங்காது. 7 மெகா ஹெர்ட்ஸ் பேண்டுக்கு மாற வேண்டும்.

3. அதே பகல் நேரம், ஆனால் பேச வேண்டியது வேலூருடன். தூரம் 140 கிலோ மீட்டர்தான். அலை ஏறக்குறைய நேர் மேலே போய்த் திரும்ப வேண்டும். அதனால் பெருக்கும் எண் ஒன்றுதான். உச்சவரம்பு 8 மெகா ஹெர்ட்ஸ் சொச்சம். 14 இல் போர்ட் பிளேர் தெளிவாகக் கேட்கும், வேலூர் கேட்காது! இங்கேயும் 7 தான் கை கொடுக்கும்.

பக்கத்து ஊர் கேட்காமல் தூரத்து ஊர் கேட்கும் இந்த வளையத்தை ஸ்கிப் ஸோன் என்பார்கள். புதிதாக வருபவர்களை இது மிகவும் குழப்பும். ஆன்டெனாவில் கோளாறு என்று நினைத்துக் கழற்றி மாட்டுவார்கள். கோளாறு எதுவும் இல்லை, கணக்கு அப்படி.

உச்சவரம்புக்கு எம்.யு.எஃப். என்று பெயர். அந்த எல்லையிலேயே நிற்பது ஆபத்து. அயனி மண்டலம் கொஞ்சம் மாறினாலும் தொடர்பு அறுந்துவிடும். எம்.யு.எஃப். எண்ணில் 85 சதவீதத்தை ஒட்டி ஒரு பேண்டைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பான வழி. 18 என்றால் 15 வருகிறது. அதற்கு அருகில் இருக்கும் ஹாம் பேண்ட் 14. மிகவும் கீழே போகவும் கூடாது. போனால் பகலில் டி அடுக்கு விழுங்கிவிடும்.

பதினோரு வருட ராட்டினம்

அந்தக் கிரிட்டிகல் ஃப்ரீக்வென்சியை நிர்ணயிப்பது சூரியன். சூரியனில் கரும்புள்ளிகள் அதிகமாக இருக்கும் வருடங்களில் புற ஊதாக் கதிர் அதிகம், கண்ணாடி பலமாக இருக்கும். புள்ளிகள் குறையும் வருடங்களில் கண்ணாடி மெலிந்துவிடும். இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒரு முறை நடக்கிறது.

இந்தப் புள்ளிகளை ஆராய்வதில் தமிழ்நாட்டுக்குப் பழைய பங்கு உண்டு. 1899 இல் நிறுவப்பட்ட கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் நூறு ஆண்டுகளுக்கும் மேலாகச் சூரியனைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். புள்ளிகளைச் சுற்றி வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909 இல் கண்டுபிடித்தது இங்கேதான். 2023 செப்டம்பர் 2 அன்று இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்1 இப்போது விண்வெளியிலிருந்து சூரியனைக் கவனிக்கிறது.

இப்போதைய சுழற்சி எண் 25. இது 2019 டிசம்பரில் தொடங்கி 2024 இல் உச்சத்தைத் தொட்டது. இனி இறங்குமுகம்தான். உச்ச வருடங்களில் 28 மெகா ஹெர்ட்ஸ் பேண்டில் சில வாட்ஸ் சக்தியிலேயே கண்டம் தாண்டிப் பேசியவர்கள், இறங்குமுக வருடங்களில் அதே பேண்டில் வெறும் இரைச்சலைத்தான் கேட்பார்கள். ஆனால் 14 மெகா ஹெர்ட்ஸ் அடிமட்ட வருடங்களிலும் பகலில் பெரும்பாலும் வேலை செய்யும். அவசரத் தொடர்புத் திட்டம் போடுபவர்கள் இந்த பேண்டை விடாமல் வைத்திருப்பதற்கு இது ஒரு காரணம்.

தினமும் கவனிக்க வேண்டிய எண்கள் இரண்டு.

சோலார் ஃப்ளக்ஸ்: சூரியனிலிருந்து 10.7 சென்டி மீட்டர் அலைநீளத்தில் வரும் ரேடியோ இரைச்சலின் அளவு. கனடாவில் 1947 முதல் அளந்து வருகிறார்கள். அடிமட்ட வருடங்களில் 70 ஐ ஒட்டி இருக்கும். உச்ச வருடங்களில் 200 ஐத் தாண்டும். 14 மெகா ஹெர்ட்ஸுக்கு 100 இருந்தாலே நல்லது.

கே இன்டெக்ஸ்: பூமியின் காந்தப்புலம் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்பதை 0 முதல் 9 வரை சொல்லும் எண். 3 வரை அமைதி. 5 வந்தால் காந்தப் புயல். துருவப் பகுதியை ஒட்டிச் செல்லும் பாதைகள் முதலில் கெடும்.

ஃப்ளக்ஸ் அதிகமாகவும் கே குறைவாகவும் இருந்தால் நல்ல நாள். இவ்வளவு நினைவில் வைத்தால் போதும்.

தென்னிந்தியாவுக்கென்று ஒரு தனிக்குணமும் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு நம் தென்முனைக்கு அருகில் செல்கிறது. திருவனந்தபுரம் அருகே தும்பாவில் 1963 இல் ராக்கெட் தளம் அமைத்ததற்கே அதுதான் காரணம். இந்தக் கோட்டின் அருகே மாலையில் சூரியன் மறைந்ததும் எஃப் அடுக்கு மேலெழும்பிக் கலங்குவதுண்டு. அப்போது சிக்னல்கள் படபடவென்று துடிப்பது போலக் கேட்கும். ரேடியோ பழுது என்று எண்ண வேண்டாம்.

சூரியன் சீறினால்

சூரியனில் பெரிய வெடிப்பு நடந்தால் அதன் எக்ஸ் கதிர் எட்டு நிமிடம் சொச்சத்தில் பூமியை அடைகிறது. பகலாக இருக்கும் பாதி உலகத்தில் டி அடுக்கு திடீரென்று தடித்துவிடும். ஷார்ட்வேவ் முழுவதும் சில நிமிடங்கள் முதல் ஒன்றிரண்டு மணி நேரம் வரை அமைதியாகிவிடும்.

இது வெறும் பாடப்புத்தகச் செய்தி இல்லை. 2017 செப்டம்பர் 6 அன்று இர்மா என்ற பெரும் சூறாவளி கரீபியன் தீவுகளைத் தாக்கிக்கொண்டிருந்தது. தீவுகளுக்கும் புயல் எச்சரிக்கை மையத்துக்கும் இடையே ஹாம்கள் ஷார்ட்வேவில் செய்தி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அதே காலையில் எக்ஸ் 9.3 என்ற அளவுள்ள சூரிய வெடிப்பு நிகழ்ந்தது. அந்தச் சுழற்சியிலேயே மிகப் பெரியது அது. செய்தி மிகவும் தேவைப்பட்ட நேரத்தில் ஷார்ட்வேவ் தொடர்பு அறுந்தது. புயலும் வெடிப்பும் ஒரே நாளில் வந்தது தற்செயல்தான். ஆனால் அப்படி வரவே வராது என்று யாரும் சொல்ல முடியாது.

இந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதும் கணக்கிலிருந்தே கிடைக்கிறது. டி அடுக்கு குறைந்த அதிர்வெண்ணைத்தான் அதிகம் உறிஞ்சும். ஆகவே முடிந்தவரை உயர்ந்த பேண்டுக்குப் போக வேண்டும். மீண்டு வரும்போதும் உயர்ந்த பேண்டுகள்தான் முதலில் உயிர் பெறும். காரணம் தெரியாதவர் கருவியைப் பிரித்துப் பார்த்து நேரத்தை வீணாக்குவார். தெரிந்தவர் மேல் பேண்டில் காத்திருப்பார்.

2024 மே 10 அன்று வந்தது வேறு வகை. அது காந்தப் புயல், ஜி5 என்ற உச்ச அளவு. 2003 க்குப் பிறகு அந்த அளவுக்கு வந்தது அதுவே முதல் முறை. லடாக்கில் உள்ள ஹான்லேயில் வானம் சிவந்ததைப் படம் எடுத்தார்கள். படம் அழகாக இருந்தது. ஷார்ட்வேவ் பாதைகள்தான் பல இடங்களில் கெட்டுப்போயின.

கம்ப்யூட்டரில் கேட்பது எப்படி?

இதற்கு ரேடியோ வாங்க வேண்டியதில்லை. நெதர்லாந்தில் உள்ள ட்வென்டே பல்கலைக்கழகத்தின் வெப் எஸ்.டி.ஆர். என்ற ரிசீவரை 29 மெகா ஹெர்ட்ஸ் வரை யாரும் பிரவுசரில் திறந்து டியூன் செய்யலாம். கூகுளில் வெப் எஸ்.டி.ஆர். ட்வென்டே என்று தேடினால் கிடைக்கும். ஒன்றை மறக்காதீர்கள். அங்கே கேட்பது நெதர்லாந்து வானத்தின் நிலைமை. நம் பக்க நிலைமை தெரிய வேண்டுமானால் கிவி எஸ்.டி.ஆர். என்று தேடி, அதன் உலக வரைபடத்தில் ஆசியாவில் உள்ள ரிசீவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முதலில் 14.100 மெகா ஹெர்ட்ஸில் வையுங்கள். மோடு சி.டபிள்யூ. என்று இருக்கட்டும். உலகெங்கும் 18 இடங்களில் வைத்த பீக்கன் டிரான்ஸ்மிட்டர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றும் 10 வினாடி, தம் பெயரை மோர்ஸில் சொல்லும். மூன்று நிமிடத்தில் ஒரு சுற்று முடியும். பட்டியலில் இலங்கையின் 4எஸ்7பி யும் உண்டு. பெயருக்குப் பின் நான்கு நீண்ட ஒலிகள் வரும். முதல் ஒலி 100 வாட்ஸ், அடுத்தது 10, பிறகு 1, கடைசி 0.1 வாட்ஸ். எத்தனை ஒலி கேட்கிறது என்று எண்ணுங்கள். நான்கும் கேட்டால் அந்தத் திசை பிரமாதமாகத் திறந்திருக்கிறது. சில பீக்கன்கள் பழுதாகி நின்றிருக்கலாம். ஆகவே ஒன்று கேட்கவில்லை என்பதால் மட்டும் முடிவுக்கு வராதீர்கள்.

அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது, எஃப்.டி.8. இதை 2017 இல் வெளியிட்டவர்கள் ஸ்டீவ் ஃபிராங்க், ஜோ டெய்லர் இருவரும். டெய்லர் 1993 இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒவ்வொரு செய்தியும் 15 வினாடிக்கு ஒரு முறை, எட்டு ஸ்வரங்களில், வெறும் 50 ஹெர்ட்ஸ் அகலத்தில் போகிறது. அதைப் படித்துக் காட்டும் சாஃப்ட்வேரின் பெயர் டபிள்யூ.எஸ்.ஜே.டி. எக்ஸ். இலவசம். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் உண்டு.

1. டபிள்யூ.எஸ்.ஜே.டி. எக்ஸ் சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்து இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. பிரவுசரில் வரும் ஒலியை இந்த சாஃப்ட்வேருக்குள் செலுத்த வேண்டும். விண்டோஸ் சவுண்ட் செட்டிங்ஸில் ரெக்கார்டிங் பகுதியில் ஸ்டீரியோ மிக்ஸ் இருந்தால் அதை எனேபிள் செய்யுங்கள். இல்லாவிட்டால் வி.பி. கேபிள் என்ற இலவச விர்ச்சுவல் ஆடியோ கேபிளைப் போட்டுக்கொள்ளலாம்.

3. சாஃப்ட்வேரின் செட்டிங்ஸில் ஆடியோ பகுதிக்குப் போய், இன்புட் என்ற இடத்தில் அதையே தேர்ந்தெடுங்கள். மோடு மெனுவில் எஃப்.டி.8 ஐக் கிளிக் செய்யுங்கள்.

4. கம்ப்யூட்டரின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். விண்டோஸில் தேதி, நேரம் பகுதியில் சின்க் நவ் பட்டனை அழுத்துங்கள். இரண்டு மூன்று வினாடி பிசகினாலும் ஒரு வரிகூட வராது.

5. வெப் ரிசீவரில் 14074 கிலோ ஹெர்ட்ஸ் என்று டைப் செய்து, மோடு யு.எஸ்.பி. என்று வையுங்கள். இந்த யு.எஸ்.பி. பென் டிரைவ் செருகுவது அல்ல, அப்பர் சைடு பேண்ட். பிறகு மானிட்டர் பட்டனை அழுத்துங்கள்.

பேண்ட் திறந்திருந்தால் ஒவ்வொரு 15 வினாடிக்கும் வரிகள் வந்து விழும். ஒவ்வொரு வரியிலும் நேரம், டெசிபல் அளவு, கால வித்தியாசம், ஒலியின் அதிர்வெண், கடைசியில் செய்தி இருக்கும். நேரம் யு.டி.சி. கணக்கில் வரும். 5.30 மணியைக் கூட்டினால் நம் நேரம்.

செய்தியில் அழைப்புக்குறியும் நான்கு எழுத்துக் கட்டக் குறியும் இருக்கும். உலகையே கட்டங்களாகப் பிரித்த குறி அது. சென்னை என்.கே.03, கோவை எம்.கே.81, மதுரை எம்.ஜே.99, யாழ்ப்பாணம் என்.ஜே.09, போர்ட் பிளேர் என்.கே.61. கட்டத்தைப் பார்த்தாலே சிக்னல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிடும்.

கேட்கக்கூடப் பொறுமை இல்லை என்றால் பி.எஸ்.கே. ரிப்போர்ட்டர் என்ற தளத்துக்குப் போங்கள். உலகெங்கும் உள்ள நிலையங்கள் தாம் கேட்டதை அங்கே தானாகவே பதிவு செய்கின்றன. 20 மீட்டர் பேண்டைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கட்டக் குறியைக் கொடுத்தால், உங்கள் ஊரில் எங்கிருந்து சிக்னல் வந்திறங்குகிறது என்பதை வரைபடத்தில் காணலாம். பொதுவாக எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணிக்க வோகாப் ஆன்லைன் என்ற தளம் உண்டு. வாய்ஸ் ஆஃப் அமெரிக்காவுக்காக உருவாக்கிய புரோகிராம் அது. இரண்டு ஊர்களைக் கொடுத்தால், 24 மணி நேரத்துக்கும் எந்த அதிர்வெண் நல்லது என்று படம் போட்டுக் காட்டும்.

வரைபடம் பச்சை, பேச முடியவில்லை

இங்கே ஒரு எச்சரிக்கை. என் கருத்தில் இந்தக் கட்டுரையில் முக்கியமான இடம் இதுதான்.

எஃப்.டி.8 இல் மைனஸ் 20 டெசிபல் சிக்னலும் படிக்கப்பட்டுவிடும். மைனஸ் 20 என்றால் இரைச்சலின் சக்தி சிக்னலைப் போல 100 மடங்கு. காதுக்கு ஒன்றுமே கேட்காது. சாஃப்ட்வேர் மட்டும் கண்டுபிடிக்கும். ஆனால் ஒருவர் பேசுவது வசதியாகப் புரிய வேண்டுமானால் சிக்னல் இரைச்சலைவிடச் சுமார் 10 டெசிபல் மேலே இருக்க வேண்டும். வித்தியாசம் 30 டெசிபல், அதாவது சக்தியில் 1,000 மடங்கு. ஆகவே வரைபடத்தில் கோடு தெரிகிறது என்பதற்காக மைக்கில் பேச முடியும் என்று நம்பிவிடக் கூடாது. பிளஸ் எண்கள் வரும் நிலையங்கள் பல இருந்தால்தான் பேச்சுக்கு நம்பிக்கை.

அப்படியானால் அவசரத்துக்கு எஃப்.டி.8 இலேயே செய்தி அனுப்பினால் என்ன? சொந்தமாக எழுதும் செய்திக்கு அதில் இடம் 13 எழுத்துகள்தான். 'மூன்று பேர் நலம், மருந்து தேவை' என்று சொல்லவே இடம் போதாது. அது பாதை திறந்திருக்கிறதா என்று பார்க்கும் கருவி, தபால்காரர் அல்ல. டைப் செய்து செய்தி அனுப்ப, இதே நுட்பத்திலிருந்து 2018 இல் பிறந்த ஜே.எஸ்.8 கால் போன்றவை உண்டு. வேகம் குறைவு, ஆனால் முழு வாக்கியம் போகும்.

இன்னொன்றும் உண்டு. இங்கே சொன்ன தளங்கள் எல்லாம் இன்டர்நெட் இருந்தால்தான் திறக்கும். ஹாம் ரேடியோ தேவைப்படும் நாளிலோ இன்டர்நெட் இருக்காது! அதனால் இவற்றை அன்றாடம் பயிற்சிக்காகப் பயன்படுத்த வேண்டும். அந்த நாளில் கூட இருக்கப்போவது பழகிய மனமும், கையால் எழுதிய ஒரு அட்டவணையும்தான்.

ஒரு வாரம் செய்து பாருங்கள்

ஒரு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு நாள், தினமும் நான்கு முறை: காலை 6, மதியம் 1, மாலை 6, இரவு 10. ஒவ்வொரு முறையும் ஐந்தே நிமிடம். சோலார் ஃப்ளக்ஸ், கே இன்டெக்ஸ், எந்தத் திசைகளிலிருந்து சிக்னல் வருகிறது, அவற்றில் பலமானது எத்தனை டெசிபல் என்று எழுதுங்கள். முடிந்தால் 7 மெகா ஹெர்ட்ஸ் பேண்டுக்கும் 7074 கிலோ ஹெர்ட்ஸில் அதையே செய்யுங்கள்.

நான் பார்த்த வரையில் நம் பக்கத்தில் 14 மெகா ஹெர்ட்ஸின் பொதுவான போக்கு இது: நடுப்பகலில் பெரும்பாலும் ஆசிய நாடுகளும் வட இந்தியாவும், மாலையிலிருந்து முன்னிரவு வரை ஐரோப்பா, விடியலை ஒட்டிச் சில நாட்களில் அமெரிக்கா. உங்கள் நோட்டு இதிலிருந்து கொஞ்சம் மாறலாம். மாதம் மாறினால், ஃப்ளக்ஸ் மாறினால் படமும் மாறும். அந்த மாற்றத்தைக் கவனிப்பதுதான் பாடம்.

கேட்பதற்கு மேல் போய் டிரான்ஸ்மிட் செய்ய ஆசை வந்தால் உரிமம் கட்டாயம். மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் ஹாம் தேர்வில் தேற வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் அடிப்படையும் விதிமுறைகளும்தான் பாடம். பொறியியல் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. பள்ளி மாணவர்களும் ஓய்வு பெற்றவர்களும் தேர்வு எழுதுகிறார்கள். உரிமம் இல்லாமல் மைக்கை அழுத்துவது குற்றம். அவசர நேரத்தில் வேறு ஒருவரின் செய்தியைக் கெடுத்துவிடவும் கூடும்.

ஏழாம் நாள் நோட்டை விரித்து, நேரத்துக்கு எதிரே திசையையும் பேண்டையும் ஒரு பக்க அட்டவணையாக எழுதி, மேஜைக்கு மேலே ஒட்டி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மீண்டும் ஒரு வாரம் செய்து அட்டவணையைத் திருத்துங்கள். வானத்தை நம்மால் திறக்க முடியாது. திறந்திருக்கும் நேரத்தைத் தெரிந்து வைத்திருக்கலாம்.